125 விரல் கட்டத்துக்குள் படைப்பு எங்கே இருக்கிறது? (தங்கா, பௌத்த மெய்யியல்)

நூலேணி

துணியில் வரைந்து சுருட்டி வைக்கும் திபெத்தியத் தங்கா ஓவியத்தில் புத்தரின் உயரம், முகம், மடித்த கால் எல்லாமே முன்கூட்டியே அளந்து வைத்தவை. ஓவியர் கட்டம் போடுகிறார், நிரப்புகிறார். ஆனால் பௌத்தத்தைப் பற்றிப் பேசும்போது "படைப்பாற்றலின் ஊற்று, உலகப் பொது நாகரிகத்துக்குக் கொடை" என்கிறோம். இரண்டும் எப்படி ஒட்டும்? மெய்யியல் தெரிந்தவர்களும் தொழில் தெரிந்தவர்களும் சொல்லுங்கள். "பார்த்தால் மனம் அமைதியாகிறது" வகைப் பதில் வேண்டாம்.

சுண்டுநூல்

முதலில் அந்தக் கட்டம் என்னவென்று பார்த்துவிடுவோம். பலர் நினைப்பதுபோல அது சதுரங்கப் பலகை இல்லை.

துணியின் நான்கு ஓரங்களும் நேராக இருக்கும் என்று ஓவியர் நம்புவதில்லை. தைத்து இழுத்துக் கட்டிய துணி எங்காவது கோணியிருக்கும். அதனால் முதலில் மூலைக்கு மூலை நூல் பிடித்து நடுப்புள்ளி எடுப்பார். கவராயத்தால் வில் போட்டு, வில்கள் வெட்டும் இடங்களை இணைத்து நடுச் செங்கோட்டை அடிப்பார். அதற்குப் பெயர் பிரம்மக் கோடு. கொத்தனார் நூல் அடிப்பதுபோலத்தான்: வண்ணப்பொடி தோய்ந்த நூலை இரு முனையிலும் இறுக்கிப் பிடித்துச் சுண்டினால் கோடு விழும். இந்த ஒரு கோடு பிசகினால் பிறகு எத்தனை நுணுக்கமாக வரைந்தாலும் உருவம் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். முகம் முடிந்த பிறகுதான் அது கண்ணில் படும். அப்போது திருத்த வழியில்லை.

அதன் பிறகுதான் அங்கங்களுக்கான கோடுகள். அளவு 'சோர்', அதாவது விரல். புத்தருக்கு மொத்தம் 125 விரல் என்று ஒரு மரபு, 120 என்று இன்னொரு மரபு. சாந்தமான போதிசத்துவருக்கு 120. உக்கிர வடிவங்கள் குட்டையானவை: சிலவற்றுக்கு 96, சிலவற்றுக்கு 72. விரல் என்பது யாருடைய விரலும் அல்ல. வரையப்போகும் உருவத்தின் முகத்தைப் பன்னிரண்டாகப் பகுத்தால் ஒரு பங்கு. அதனால் உள்ளங்கை அளவுப் படத்துக்கும் மலைச்சரிவில் விரிக்கும் பெருந்துணிக்கும் ஒரே விதிதான்.

கட்டம் கட்டுப்படுத்துவது நடுத்தெய்வத்தின் உடலை மட்டும். தெய்வத்தை எப்படித் தியானிப்பது என்று சொல்லும் சாதனா நூல்கள் நிறம், கைகளின் எண்ணிக்கை, கையிலுள்ள பொருள் ஆகியவற்றைச் சொல்லும். மேகம், நீர், பாறை, பறவை, ஆசனத்து விரிப்பின் பூவேலை, காணிக்கைத் தட்டு, ஒளிவட்டத்துக்கும் வானத்துக்கும் இடைப்பட்ட வெளி ஆகியவை ஓவியர் கையில். பல தங்காக்களில் பரப்பில் பாதிக்கு மேல் இதுதான்.

உளிமுனை

மேலே உள்ளதைப் படிக்கும் எந்தத் தமிழ்நாட்டு ஸ்தபதியும் "இது நம்ம தாலமானம்" (சிற்பத்தின் அளவு முறை) என்பார். உத்தம தசதாலம் 124 அங்குலம், மத்தியமம் 120, அதமம் 116. நவதாலம் 108. முகத்தைப் பன்னிரண்டாகப் பகுப்பதும் அதேதான். இரு இடத்திலும் கண் திறப்பதுதான் கடைசி வேலை. இது தற்செயல் அல்ல. 'சித்ரலட்சணம்' என்ற அளவு நூல் வடமொழி மூலத்தில் தொலைந்து, திபெத்திய மொழிபெயர்ப்பாகத் தெங்யூர் என்ற பௌத்த நூல் தொகுதியில் பிழைத்தது. 1913இல் ஜெர்மன் மொழியில் அச்சானது. ஒரு நூல் உயிரோடு இருக்க மூன்று நாடுகள் வேண்டியிருந்தன.

வெறுமை_உடைமை

நூலேணி கேட்டதில் மெய்யியல் பக்கம்.

கேள்விக்குள்ளேயே ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: படைப்பு என்றால் படைப்பாளிக்குள்ளிருந்து, முன்பு எங்கும் இல்லாத ஒன்று வரவேண்டும் என்பது. பௌத்தம் அந்த "உள்ளே" என்பதையே ஏற்பதில்லை. எதுவும் தானாகத் தோன்றுவதில்லை, ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றுகிறது. தமிழில் இதைச் சொல்ல நமக்குச் சொல் இருக்கிறது. மணிமேகலை பன்னிரண்டு சார்புகளையும் பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்று அடுக்குகிறது. 'பவம்' போல ஓரிரண்டு தவிரக் கடன் வாங்கிய கலைச்சொல் இல்லாமல் ஒரு முழுக் கோட்பாடு.

பௌத்த மெய்யியலாளர் நாகார்ஜுனர் தம் மூலமத்தியமக காரிகை நூலின் 24ஆம் அதிகாரத்தில் ஓர் எதிர்வாதத்தைச் சந்திக்கிறார். "எல்லாம் சூன்யம் (தன்னியல்பு அற்றது) என்றால் நால்வகை உண்மை, பாதை, பலன் எதுவும் நிற்காதே" என்பது எதிராளியின் வாதம். அவர் பதிலில் வாதத்தைத் தலைகீழாகப் புரட்டுகிறார்: பொருள்களுக்கு மாறாத தன்னியல்பு இருந்தால்தான் எதுவும் நிற்காது. தன்னியல்பு உள்ளது பிறக்காது, அழியாது, இன்னொன்றாக ஆகாது. சூன்யம் பொருந்துகிறவனுக்கே எல்லாம் பொருந்தும்.

இதைத் தங்காவில் வைத்துப் பாருங்கள். 125 விரல் புத்தர் என்பது மாறாத சாரம் என்றால் ஒரே ஒரு புத்தர் படத்தை அச்சிட்டுவிட்டுப் போகலாம். ஆனால் துணி, கல், பசை, கை, நேர்ந்துகொண்டவரின் வேண்டுதல் என்று சார்புகள் ஒவ்வொரு முறையும் வேறு. அதனால் ஒவ்வொன்றும் புதிது.

அடைப்புக்குறி

நண்பர் வெறுமை_உடைமை நன்றாக எழுதியிருக்கிறார், ஆனால் ஒரு தாவல் இருக்கிறது. "சார்பில் தோன்றியது எல்லாம் புதிது" என்றால் தெருவில் விழும் ஒவ்வொரு சருகும் படைப்புத்தான். நாகார்ஜுனர் துக்க நீக்கத்தைப் பற்றிப் பேசினார், ஓவியத்தைப் பற்றி அல்ல. சூன்யவாதத்திலிருந்து கலைக் கொள்கையை உருவுவது இக்காலத்து வேலை. செய்யுங்கள், தவறில்லை. அவர் வாயில் மட்டும் வைக்காதீர்கள்.

இன்னொன்று: மரபுக்குள் இருந்தவர்கள் புதுமையை மதிக்கவே இல்லை. படம் வரைவது புண்ணியம். அளவு தவறினால் குற்றம். படைப்பாற்றல் என்ற சொல்லை அவர்கள் தலையில் கட்டுவது நம் வசதிக்கு.

சுண்டுநூல்

› மரபுக்குள் இருந்தவர்கள் புதுமையை மதிக்கவே இல்லை

இது பாதிதான் சரி. பத்தாம் கர்மாபா சோயிங் தோர்ஜே (1604–1674) பெரிய மடத்தலைவர், ஓவியரும் கூட. அவர் வரைந்த பறவை, விலங்கு, முகங்கள் யாருடைய பாணியிலும் அடங்காது. போரில் மடம் இழந்து, இன்றைய யுன்னான் பக்கம் லிஜியாங்கில் ஆண்டுக்கணக்கில் தங்கியவர். சீன ஓவியமும் பழைய காஷ்மீர வெண்கலச் சிலைகளும் அவர் கையில் சேர்ந்தன. அந்தப் படங்களை மரபு ஒதுக்கவில்லை, போற்றி வைத்தது.

பாணிகள் மாறிய கதையும் அப்படித்தான். முதலில் நேபாளத்து நேவார் ஓவியர்களின் கைவண்ணம்: சிவப்புப் பின்னணி, சுற்றிலும் சிறு சிறு கட்டங்களில் தெய்வங்கள். 15ஆம் நூற்றாண்டில் மென்லா தோண்டுப் என்ற ஓவியர் பின்னணியைத் திறந்து சீனத்துப் பச்சை-நீல மலைகளை உள்ளே விட்டார். அதுதான் மென்ரி பாணி. அதே நூற்றாண்டில் க்யென்ட்சே சென்மோ, கோங்கர் மடத்துச் சுவரில் வேறு வழி போனார். 16ஆம் நூற்றாண்டில் நம்கா தாஷி தொடங்கிய கர்மா காத்ரி பாணியில் வெளி இன்னும் விரிந்தது: மெல்லிய கழுவல், பெரிய வானம், மூலையில் ஒரு மரம். மூன்றிலும் புத்தர் உடலின் அளவு ஏறக்குறைய அதேதான். மாறியது அவரைச் சுற்றியுள்ள உலகம்.

எதிர்த்திசையிலும் ஆள் போயிருக்கிறார்கள். காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் அர்னிகோ குப்ளாய் கானின் அவைக்குப் போனவர். 1279இல் முடிந்த பெய்ஜிங் வெள்ளைத் தூபி அவருடையது, ஏறத்தாழ 51 மீட்டர். நேபாளத்து வடிவம், மங்கோலிய அரசனின் பணம், சீனத் தலைநகர்.

கல்வம்

வரலாறும் தத்துவமும் ஓடட்டும். சார்பு, சார்பு என்கிறீர்களே, அதைக் கையால் தொட்டுப் பார்க்க வண்ணத்தைவிட நல்ல இடம் இல்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நீலம்: தங்காவின் நீலத்தை லேபிஸ் லசூலி என்று விற்பவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் இல்லை. அது அசூரைட், செம்புக் கனிமம். பச்சை அதன் உடன்பிறப்பு மலாக்கைட். லேபிஸ் ஆப்கானிஸ்தானின் பதக்ஷானிலிருந்து வந்து, அதே நாட்டின் பாமியான், மேற்குச் சீனத்தின் கிஜில் ஆகிய இடங்களின் குகைச் சுவர்களில் ஏறியது. இரண்டையும் குழப்பக்கூடாது.

அசூரைட்டை அரைப்பதில்தான் புதியவர் தோற்பார். "நல்லா அரைச்சா நல்ல நிறம்" என்பது இங்கே எடுபடாது. துகள் பெரிதாக இருந்தால் ஆழ்ந்த நீலம், நுண்ணியதாக ஆக ஆக வெளுக்கும். மாவாக அரைத்துவிட்டால் வெளிறிய வான்நிறம்தான் மிஞ்சும், திரும்பக் கொண்டுவர முடியாது. கல்வத்தில் இட்டு, தண்ணீர் விட்டு, குழவியை அழுத்தாமல் ஓட்ட வேண்டும். பிறகு நீரில் கலக்கித் தெளிய விடுங்கள். முதலில் அடியில் படிவது கருநீலம். மேலே மிதக்கும் கலங்கலை வேறு பாத்திரத்தில் வடித்தால் அடுத்த நிறம். அதையும் வடித்தால் வெளிர்நீலம். ஒரே கல்லில் மூன்று நான்கு நீலம். சிவப்புக்கான சாதிலிங்கம் நேர்மாறு. அதைப் பொறுமையாக அரைக்க அரைக்கச் செம்மை துலங்கும்.

மஞ்சளுக்கு அரிதாரம். (கூத்துக்காரர்கள் முகத்தில் பூசியதால் ஒப்பனைக்கே அரிதாரம் என்று பெயராகிவிட்டது.) அது ஆர்செனிக் சல்பைடு, சாதிலிங்கம் பாதரச சல்பைடு. தங்காவில் தூரிகை முனையை நாக்கில் தொட்டுக் கூராக்கும் பழக்கம் உண்டு. இந்த இரண்டு வண்ணத்தோடும் அதைச் செய்யவே கூடாது. காய்ந்த பொடியைத் தேய்க்கும்போது முகமூடி கட்டாயம். அரிதாரத்தைக் காரீய வெள்ளையோடு கலந்தால் காலப்போக்கில் கறுக்கும்.

பசைதான் எல்லாவற்றுக்கும் உயிர். தோல் பசை, நம் தச்சர்கள் 'வச்சிரம்' என்பது. இரவு முழுதும் ஊற வைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து இளஞ்சூட்டில் கரைக்க வேண்டும். கொதித்தால் ஒட்டும் திறன் போய்விடும். சோதனை எளிது: ஓரத்தில் ஒரு தீற்றல், காயட்டும், விரலால் தேயுங்கள். பொடி விரலில் வந்தால் பசை குறைவு. மினுங்கினால் அதிகம், சில மாதத்தில் வெடித்துச் செதில் செதிலாக எழும். அசூரைட் போன்ற பெருந்துகளுக்குப் பசை கூடுதலாக வேண்டும், அதுவும் வண்ணத்துக்கு வண்ணம் மாறும். வேலை நடக்க நடக்க நீர் ஆவியாகிப் பசை கெட்டிப்படும் என்பதை மறப்பவர்களின் படத்தில், மாலையில் போட்ட வானம் மட்டும் விரிசல் விட்டிருக்கும்.

நூலேணி

கல்வம் ஐயா, துணி எப்படித் தயாராகிறது? சுருட்டி விரித்தாலும் வண்ணம் ஏன் உதிர்வதில்லை?

கல்வம்

பருத்தித் துணி. நான்கு மூங்கில் குச்சிகளை நான்கு ஓரத்திலும் வைத்துத் தைத்து, அதை ஒரு பெரிய மரச்சட்டத்துக்குள் கயிற்றால் இழுத்துக் கட்டுவார்கள். குச்சிக்கும் சட்டத்துக்கும் இடைவெளி இருக்கும், மழைநாளில் துணி தளர்ந்தால் கயிற்றை மட்டும் இறுக்கினால் போதும். முதலில் வெறும் பசைநீர். காய்ந்ததும் வெள்ளைக் களிமண்ணோ சுண்ணக்கட்டித் தூளோ பசையில் குழைத்து இரு பக்கமும் மெல்லப் பூச வேண்டும். பிறகு லேசாக ஈரப்படுத்தி, பின்னால் பலகை கொடுத்து, வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துணியின் கண் தெரியக்கூடாது, தொட்டால் துணிபோல வளைய வேண்டும். பூச்சு தடித்தால் சுருட்டும்போது முழங்கால் மடிப்புப்போல விரிசல் விழும். அவசரக்காரர்கள் தடிமனாக ஒரே பூச்சில் முடிப்பார்கள், அதுதான் காரணம்.

உளிமுனை

கல்வம் பாமியானைத் தொட்டதால் ஒன்று. அங்கே ஏழாம் நூற்றாண்டு நடுப்பகுதிச் சுவரோவியங்களில் உலரும் எண்ணெய் இருப்பதை 2008இல் அறிவித்தார்கள். ஆராய்ந்த 50 குகைகளில் 12இல் இருந்தது. வால்நட் அல்லது கசகசா எண்ணெயாக இருக்கலாம் என்பது கணிப்பு. எண்ணெய் வண்ணம் ஐரோப்பாவின் கண்டுபிடிப்பு என்று பாடத்தில் படித்தவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

பரிதிவட்டம்

எல்லாரும் திபெத்திலேயே நிற்கிறீர்கள். என் கேள்வி வேறு: ஜென் ஓவியம்தானே உண்மையான பௌத்தப் படைப்பு? ஒரே மூச்சில் ஒரு வட்டம். விதியே இல்லை.

அடைப்புக்குறி

வட்டத்துக்கு விதி இல்லைதான். மையைத் தேய்க்க, தாளின் உறிஞ்சலை அறிய, கையைப் பழக்க எத்தனை விதி என்று கேளுங்கள். அந்தத் தாளில் தூரிகை ஒரு கணம் தயங்கி நின்றால் மை ஊறி ஒரு பொட்டு விழும், அழிக்க முடியாது. பழக்கம் தோலாகிவிட்டவருக்கே அந்த ஒரே மூச்சு வாய்க்கும்.

உளிமுனை

ஜப்பான் என்றால் வட்டத்துக்குப் போகாமல் நாராவுக்குப் போங்கள். தோதாய்ஜி கோயிலின் தென்வாசலில் இரண்டு காவல் உருவங்கள், ஒவ்வொன்றும் 8.4 மீட்டர். 1203இல் உன்கெய், கைகெய் என்ற சிற்பிகளின் தலைமையில் 69 நாளில் முடிந்தவை. எப்படி முடிந்தது? ஒரே மரத்தில் செதுக்கவில்லை. ஓர் உருவத்துக்கு ஏறத்தாழ 3,000 துண்டுகள். மரத்துண்டுகளைத் தனித்தனியே செதுக்கி இணைக்கும் யோசெகி முறை. 1053இல் ப்யோதோ-இன் கோயிலின் அமிதாபரைச் செய்த ஜோச்சோ அதைச் செம்மைப்படுத்தியவர். துண்டு துண்டாக இருப்பதால் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். உள்ளே குடைந்திருப்பதால் எடை குறையும், மரம் உலர்ந்து பிளப்பதும் குறையும். முழுக் கட்டையில் செய்தால் நடுத்தண்டு ஒரு வேகத்திலும் வெளிப்புறம் ஒரு வேகத்திலும் சுருங்கி, முகத்தின் நடுவே வெடிக்கும்.

இனி நம் கேள்விக்கு வருகிறேன். 1988–93இல் அந்த உருவங்களைக் கழற்றிச் சீர்படுத்தியபோது தெரிந்தது: வேலை நடுவில் கொப்பூழ், முலைக்காம்பு ஆகியவற்றின் இடத்தை மாற்றியிருக்கிறார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவனின் கண்ணுக்கு ஏற்ற திருத்தம். அளவு விதி கையில் இருந்தது, உருவம் நிமிர்ந்தபின் கண் வேறு சொன்னது, கண்ணுக்கு இடம் கொடுத்தார்கள். படைப்பு எங்கே என்றால் நான் அந்தக் கொப்பூழைக் காட்டுவேன்.

"பௌத்தக் கலைஞன் பெயர் போடமாட்டான்" என்பதும் அரைகுறை. உன்கெய் 1176இல் என்ஜோ-ஜி கோயிலின் தைனிச்சி புத்தர் சிலையின் பீடத்திலேயே பெயர் எழுதியிருக்கிறார்.

வெறுமை_உடைமை

அடைப்புக்குறி சொன்ன தாவல் குற்றச்சாட்டை ஏற்கிறேன், சருகு எடுத்துக்காட்டு சரியாகவே குத்தியது. திருத்திச் சொல்கிறேன். எல்லாச் சார்பும் படைப்பு அல்ல. சார்புகள் மாறியதைக் கவனித்து அதற்கு இசைவாகக் கை மாறுவதுதான். அசூரைட் இன்று எவ்வளவு பசை கேட்கிறது, வாசலின் உயரம் கொப்பூழை எங்கே கேட்கிறது. "நான் வரைகிறேன்" என்ற பிடி இறுகியவனுக்கு அது காதில் விழாது. நாகார்ஜுனர் இதைச் சொன்னார் என்று இனிச் சொல்லமாட்டேன்.

அடைப்புக்குறி

இப்போது சண்டை இல்லை.

பரிதிவட்டம்

வண்ண மணலால் வரையும் தெய்வ வரைபடம், மணல் மண்டலம்? அதில் மாற்றவே இடமில்லையே. கடைசியில் கலைத்தும் விடுகிறார்கள்.

சுண்டுநூல்

காலசக்ர மண்டலத்தில் 722 தெய்வங்கள், ஒவ்வொன்றுக்கும் இடம் குறித்தது. உண்மைதான், அங்கே சுதந்திரம் மிகக் குறைவு. முதலில் நூல் சுண்டிக் கோடுகள், பிறகு நடுவிலிருந்து வெளியே மணல். கையால் தூவுவதில்லை, நம் கோலத்தோடு ஒப்பிட்டால் தப்பாகும். சக்பூர் என்ற கூம்புக் குழாயில் மணலை நிரப்பி, அதன் மேல்பக்கத்து வரிகளை இன்னொரு கோலால் உரசினால் அதிர்வில் மணல் ஒழுகும். மெல்ல உரசினால் ஒற்றை வரியாக, வேகமாக உரசினால் பட்டையாக. மணல் ஈரம் ஏறினால் குழாய்முனை அடைத்து, பிறகு திடீரென்று குவியலாகக் கொட்டும். தும்மலுக்குத்தான் முகமூடி. மின்விசிறி வேண்டாம் என்று மண்டபக்காரரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

1988இல் நம்க்யால் மடத்துத் துறவிகள் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் காலசக்ர மண்டலத்தைப் பொதுமக்கள் முன் செய்தார்கள். அதுவரை சடங்குக்கு உள்ளே இருந்தது. இடம் மாறியதும் கேள்வி மாறியது: இது சடங்கா, காட்சியா? பலர் இன்னும் அதில் ஒத்துப்போவதில்லை. எனக்குக் கண்ணாடித் தடுப்புக்குள் பசை தெளித்து நிரந்தரமாக்கி வைத்த மண்டலங்களைப் பார்த்தால் ஏனோ உறுத்துகிறது.

நூலேணி

கடைசியாக ஒரு நடைமுறைக் கேள்வி. காத்மாண்டு கடைத்தெருவில் "கையால் வரைந்தது" என்று விற்பதை எப்படிச் சோதிப்பது?

கல்வம்

10 மடங்கு உருப்பெருக்கி போதும். அச்சு என்றால் நிறம் புள்ளிகளாகச் சிதறும். இப்போது தந்திரம் என்னவென்றால் அச்சின் மேல் பொன் கோடுகளை மட்டும் கையால் இடுவது. அதனால் பொன்னைப் பார்க்காதீர்கள், வானத்தைப் பாருங்கள். கையால் போட்ட வானத்தில் கீழே வெளுத்து மேலே கருக்கும் நிழல், அவுரிக் கரைசலின் நுண்புள்ளிகளாலோ ஈரக் கலவையாலோ வந்திருக்கும், தூரிகை வாரிய திசை தெரியும். அடுத்தது, ஓரத்தில் மூங்கிலுக்குத் தைத்த ஊசித்துளைகள். சுற்றிலும் பட்டுத்துணி ஓரம் தைத்து மறைத்திருந்தால் பின்புறம் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். நெற்றி, தொண்டை, நெஞ்சுக்கு நேர் பின்னால் ஓம், ஆ, ஹூம் எழுதியிருக்கலாம், ஆனால் அச்சுப் படத்திலும் அதை எழுதிவிடுகிறார்கள். பழுப்பேறிய "நூறாண்டுப் பழையது" என்றால் முகர்ந்து பாருங்கள். வெண்ணெய் விளக்குப் புகை மேல்பக்கம் அதிகமாகவும் கீழே குறைவாகவும் படியும். தேநீரில் நனைத்ததும் புகைமூட்டம் போட்டதும் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும்.

வாங்கிய பிறகு: நம் கடலோர ஊர்களில் ஈரத்துக்குப் பசை இளகிப் பூசணம் பிடிக்கும். கண்ணாடிச் சட்டம் போட்டால் படம் கண்ணாடியைத் தொடாமல் இடைவெளி விடுங்கள். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். சுருட்டி வைப்பதானால் இறுக்கமாக வேண்டாம், உள்ளே ஒரு தடித்த குழாய் கொடுத்துச் சுருட்டுங்கள்.

நூலேணி

வெளிச்சுவரில்தான் மாட்டியிருக்கிறது. இன்றே இறக்குகிறேன்.